கைப்பை கேள்வி–பதில்: பாரிஸ் பாணிப் பை, வீட்டு மெஷினில்

இந்த மாதம் வந்த தையல் கேள்விகளில் பெரும்பாலானவை கைப்பை பற்றியவை. அதிலும் பெரிய நிறுவனங்களின் பைகளைப் பார்த்து அதே தோரணையில் தைக்க விரும்புகிறவர்களின் கேள்விகளே அதிகம். அளவுகள் எல்லாம் அங்குலத்தில். ‘நூல்’ என்று அளவு சொன்னால் அது தையல்காரர், தச்சர் கணக்கு: 8 நூல் ஓர் அங்குலம்.

டைமண்ட் டைமண்டாகத் தையல் ஓடி, சங்கிலி போட்ட ஷனேல் பை மாதிரி ஒன்று தைக்க ஆசை. வீட்டில் இருப்பது மோட்டார் பொருத்திய சாதாரண மெஷின். என்னென்ன வாங்க வேண்டும், எதை முதலில் தைக்க வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

நீங்கள் சொல்வது 2.55 என்ற பை. 1955 பிப்ரவரியில் வந்ததால் அந்தப் பெயர். தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் வேறு வேலைக்கு விடலாம் என்பதற்காகத்தான் நிறுவனத்தைத் தொடங்கிய கோகோ ஷனேல் அதில் சங்கிலியை வைத்தார். பின்னிக் கிடக்கும் இரட்டை ‘சி’ பூட்டு 1980களில் அங்கே வடிவமைப்பாளராக வந்த கார்ல் லாகர்ஃபெல்ட் சேர்த்தது. முதலில் இருந்தது வெறும் நீள்சதுரத் திருகுப் பூட்டு. அது பை சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஆக, அசலுக்கு நெருக்கமான தோற்றத்துக்கு எந்த முத்திரையும் தேவையில்லை.

10 அங்குல அகலம், 6 உயரம், 2½ ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 54 அங்குல அகல ரெக்ஸின் அரை மீட்டர் போதும். கடையில் விரலால் மடித்துப் பாருங்கள். சோபாவுக்குப் போடும் தடித்த ரகம் வேண்டாம், 0.8 மில்லிமீட்டருக்கு மேல் போனால் வீட்டு மெஷின் மூலைகளில் திணறும். 4 மில்லிமீட்டர் ஸ்பான்ஜ் ஃபோம் அரை மீட்டர், அதன் அடியில் வைக்க மல் துணி அரை மீட்டர், உள் லைனிங்குக்கு பாப்ளின் அல்லது டஃபேட்டா அரை மீட்டர். அசலின் உள்பக்கம் கருஞ்சிவப்பு. ஷனேல் வளர்ந்த ஆதரவற்றோர் இல்லத்துச் சீருடையின் நிறம் அது என்பார்கள். இவற்றோடு திருகுப் பூட்டு ஒன்று, 12 மில்லிமீட்டர் உள்வாய் உள்ள ஐலெட் (துளையில் அடிக்கும் உலோக வளையம்) நான்கு, 54 அங்குலச் சங்கிலி ஒன்று.

பலரும் தவறுவது முதல் படியிலேயே. அளவுப்படி வெட்டிவிட்டுப் பிறகு குயில்ட்டிங், அதாவது டைமண்ட் கோடுகளை, தைக்கிறார்கள். ஃபோமோடு சேர்த்துத் தைக்கும்போது ஒவ்வொரு கோடும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். வரிகள் முடிவதற்குள் 10 அங்குலத் துண்டு 9½ ஆகியிருக்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி குறையாது. எனவே ரெக்ஸின், ஃபோம், மல் மூன்றையும் 28க்கு 19 அங்குலத்தில் ஒரே பெரிய துண்டாக அடுக்கி, முழுவதும் குயில்ட் செய்துவிட்டு, பிறகு அதன் மேல் பேப்பர் பேட்டர்னை வைத்து வெட்டுங்கள். வரிகளுக்கு இடையே 1¼ அங்குலம் விட்டால் இந்த அளவுப் பைக்கு எடுப்பாக இருக்கும்.

வெட்ட வேண்டியவை, சுற்றிலும் 3 நூல் தையலுக்கு விட்டது சேர்த்து: முன்பக்கம் 10¾ x 6¾. பின்பக்கமும் மூடியும் சேர்ந்த ஒரே துண்டு 10¾ x 14¼. பின் பாக்கெட் 10¾ x 5½. இவை மூன்றும் குயில்ட் துண்டிலிருந்து. பக்கங்களும் அடியும் சேர்ந்த பட்டை 22¾ x 3¼, இதற்குக் குயில்ட்டிங் வேண்டாம், மீந்த ரெக்ஸினில் வெட்டலாம். மூடியின் உள்முகத்துக்கும் அதே மீந்த ரெக்ஸினில் 10¾ x 8. லைனிங்கில் முன் துண்டு, பட்டை இரண்டும் மேலே சொன்ன அளவே. பின் துண்டு மட்டும் 10¾ x 7, அதை மூடி உள்முகத்தோடு இணைத்தால் 14¼ வந்துவிடும். மூடியின் கீழ் மூலைகளை 1 அங்குல வளைவாக வெட்டுங்கள். வெட்டிய கையோடு குயில்ட் துண்டுகளின் ஓரத்தைச் சுற்றி 2 நூல் உள்ளே ஒரு தையல் ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெட்டுப்பட்ட குயில்ட் வரிகள் பிரியத் தொடங்கும். பிறகு அந்தத் தையலுக்கு வெளியே இருக்கும் ஃபோமை மட்டும் கத்தரித்து எடுத்துவிட வேண்டும். மூலையில் மெஷின் நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ஃபோம்தான்.

இனி வரிசை. பூட்டின் திருகும் பாகத்தை முன்பக்கத் துண்டில், லைனிங் சேருவதற்கு முன்பே பொருத்துங்கள். பின்னால் 2 அங்குலச் சதுரத்தில் தடித்த ரெக்ஸின் அல்லது மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்து, அதன் வழியாகவும் கால்களை நுழைத்து மடக்க வேண்டும். வெறும் ஃபோமில் குத்தினால் சில மாதத்தில் பூட்டு பிய்த்துக்கொண்டு வரும். பின் பாக்கெட்டின் மேல் ஓரத்தை மடித்துத் தைத்து, பின்பக்கத் துண்டின் கீழ்ப்பாகத்தில் வைத்து ஓரம் பிடியுங்கள். அடுத்து பட்டையை முன்பக்கத்தோடு சேர்க்க வேண்டும். மூலை வருமிடத்தில் பட்டையின் ஓரத்தில் மட்டும் 2 நூல் ஆழத்துக்கு மூன்று வெட்டு கொடுத்தால் அது விரிந்து வளையும். தையல் கோடு 3 நூலில் இருப்பதால் வெட்டு அதைத் தொடாது. பிறகு பட்டையின் மறுபக்கத்தைப் பின்பக்கத்தோடு. இதே மாதிரி லைனிங் பையும், ஆனால் அதன் அடியில் 5 அங்குலம் தைக்காமல் விட வேண்டும்.

இப்போது வெளிப்பையை லைனிங் பைக்குள், நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி நுழைத்து, மூடியின் மூன்று ஓரமும் பையின் வாயும் சேர ஒரே சுற்றாகத் தையுங்கள். மூடி ஆரம்பிக்கும் இடமும் பட்டையின் மேல்நுனியும் சந்திக்கும் இரண்டு உள்மூலைகள்தான் இந்தப் பையின் பலவீனமான இடம். அங்கே தையல் நீளத்தை 2 மில்லிமீட்டராகக் குறைத்து ஓர் அங்குலம் தைத்து, மூலை வரை கத்தரி நுனியால் வெட்டிவிடுங்கள். வெட்டு போதாவிட்டால் திருப்பும்போது சுருக்கம் விழும், அதிகமானால் ஓட்டை. மூடியின் வளைவுகளில் சின்ன ‘வி’ வெட்டுகள் கொடுத்த பின் லைனிங்கில் விட்ட வாய் வழியாகத் திருப்புங்கள். ரெக்ஸின் விறைப்பாக இருந்தால் ஹேர் டிரையரை ஒரு நிமிடம் தள்ளிப் பிடித்தால் இளகும். வாயை மூடும் முன், மூடி மடங்கும் இடத்தில் 10 x 2 அங்குல ரெக்ஸின் பட்டை ஒன்றை உள்ளே வைத்து நாலைந்து பொட்டுப் பசையால் நிறுத்துங்கள். பையின் எடை முழுவதையும் ஐலெட் வழியாக அந்தப் பட்டைதான் தாங்கப்போகிறது.

ஐலெட்டும் மூடியிலுள்ள பூட்டுத் தகடும் கடைசி வேலை, ஏனென்றால் அவை இரண்டு அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மடிப்புப் பட்டையில் அகல வாக்கில் 8 அங்குல இடைவெளியில், ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஐலெட், இரண்டுக்கும் நடுவே 1 அங்குலம். பஞ்ச் இல்லையென்றால் பை ரிப்பேர் கடையில் அடித்துத் தருவார்கள். 54 அங்குலச் சங்கிலியை நான்கு துளையிலும் கோத்து முனைகளை வளையத்தால் இணைத்தால், இரட்டையாக மாட்டும்போது சுமார் 12 அங்குலமும், ஒற்றையாக இழுத்துவிட்டால் சுமார் 21 அங்குலமும் தொங்கும்.

குயில்ட்டிங் தைக்கும்போது மேல் துணி மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் சுருங்கி நிற்கிறது. டைமண்டும் கோணலாகிறது.
– வாசகி, ஈரோடு

மெஷினின் பல் அடித்துணியைப் பின்னால் இழுக்கிறது, மேலே ஃபூட் (துணியை அமுக்கும் பாதம்) அழுத்திப் பிடிக்கிறது. நடுவில் ஃபோம் அமுங்கிக் கொடுப்பதால் அடி ஓடிவிடுகிறது, மேல் தங்கிவிடுகிறது. வாக்கிங் ஃபூட் என்று ஒன்று கிடைக்கிறது, மேல் துணியையும் பல் போல நகர்த்தும். உங்கள் மெஷினில் ஃபூட் மாட்டும் கம்பியின் உயரத்துக்கு ஏற்றதைப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாமலும் செய்யலாம். மெஷின் தலையில் இருக்கும் ஃபூட் அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தையல் நீளத்தை 3½ மில்லிமீட்டருக்குக் கொண்டுபோங்கள். துணியாக இருந்தால் 3 அங்குலத்துக்கு ஒரு வரி கையால் ஓட்டிவையுங்கள். ரெக்ஸினில் ஊசித் துளை அப்படியே நிற்கும் என்பதால் அங்கே ஃபோமின் மேல் மெல்லிய பசையைத் தடவி ஒட்டுவதே வழி.

பிறகு வரிசை முக்கியம். ஓரத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நடுக்கோட்டை முதலில் தைத்து, அதற்கு வலப்புறம் எல்லாக் கோடும், பிறகு இடப்புறம் எல்லாக் கோடும், ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழாக ஒரே திசையில். ஒன்று மேலிருந்தும் அடுத்தது கீழிருந்தும் தைத்தால் துணி எதிரெதிராக இழுபட்டு டைமண்ட் முறுக்கிக்கொள்ளும். ஒரு திசைக் கோடுகள் முடிந்த பிறகே குறுக்குக் கோடுகள். முதல் இரண்டு கோட்டை மட்டும் மார்க்கிங் சோப்பால் போட்டுக்கொண்டு, மீதியை ஃபூட்டில் செருகும் கைடு கம்பியால் பார்த்து ஓட்டினால் இடைவெளி பிசகாது. சூடு காட்டினால் மறையும் பேனாவை ரெக்ஸினில் பயன்படுத்தாதீர்கள், வெள்ளைத் தடமாக நிற்கும்.

இன்னொன்று: நல்ல பையையும் அவசரப் பையையும் பிரித்துக் காட்டுவது பின் பாக்கெட். பாக்கெட்டின் டைமண்ட், பின்பக்கத்து டைமண்டோடு வரி தப்பாமல் சேர வேண்டும். அதற்கு, பின்பக்கத்தை முதலில் வெட்டி, அதை மீந்த குயில்ட் துண்டின் பக்கத்தில் வைத்து, வரிகள் சேரும் இடத்தை நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடித்துப் பாக்கெட்டை வெட்டுங்கள். 28 அங்குலம் என்று தாராளமாக எடுக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

ரெக்ஸினில் தையல் விட்டு விட்டு விழுகிறது. ஊசி மூன்று உடைந்துவிட்டது.
– வாசகர், திருப்பூர்

ஊசியில் தொடங்குங்கள். ரவிக்கை தைக்கும் 14ஆம் நம்பர் ஊசி வளைந்துகொடுக்கும். வளைந்தால் கீழே ஷட்டிலின் கொக்கி நூலைப் பிடிக்காது, அதுதான் தையல் விடுவது. 16 போடுங்கள், நாலு அடுக்கு வரும் இடத்துக்கு 18. பவர் மெஷின் ஊசி வீட்டு மெஷினுக்குச் சேராது, கடையில் மெஷின் வகையைச் சொல்லி வாங்குங்கள். நூல் பாலியஸ்டர் மட்டும். பருத்தி நூல் ரெக்ஸினின் உராய்வில் தேய்ந்து அறுந்துவிடும்.

ஃபூட் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் டெஃப்லான் ஃபூட், அது கிடைக்காவிட்டால் ஃபூட்டின் அடியில் மேஜிக் டேப் ஒட்டி, ஊசி இறங்கும் வாயை மட்டும் வெட்டிவிடுங்கள். முகப் பவுடர் தூவுவதும் வேலை செய்யும், ஆனால் கறுப்பு ரெக்ஸினில் துடைத்து மாளாது. தையல் நீளம் 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். உறுதிக்காக என்று பொடித் தையல் போட்டால் தபால் தலையின் ஓரம் போலத் துளைகள் வரிசையாக விழுந்து, இழுத்த இடத்தில் கிழியும். பொடித் தையல் வேண்டியது உள்மூலை மாதிரி இடங்களில் மட்டும். அதே காரணத்துக்காகக் குண்டூசியும் வேண்டாம், காகிதக் கிளிப் போதும். தடித்த மூலையில் மோட்டாரை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அங்கே வேகம் காட்டியதில்தான் உங்கள் மூன்று ஊசியும் போயிருக்கும்.

நான் தைத்த பை கடைப் பை மாதிரி நிமிர்ந்து நிற்கவில்லை, துணிப்பை மாதிரித் தொய்கிறது. லேடி டியோர் போல நிற்க வைக்க என்ன போட வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

அந்தப் பையின் தையல் வடிவத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பிரம்பு நாற்காலியின் பின்னல்தான் அது. டியோர் தன் முதல் ஷோவில் விருந்தினரை உட்கார வைத்த நாற்காலிகளிலிருந்து எடுத்த வடிவம், பை வந்தது 1995இல். அழகு வெளியே தெரிகிறது, நிமிர்வு உள்ளே ஒளிந்திருக்கிறது.

ஒரே பொருளை எல்லாப் பக்கமும் போட்டால் பை நிற்காது, பெட்டியாகும். முன், பின் பக்கங்களுக்கு ரவிக்கைக் கழுத்தில் வைக்கும் மெல்லிய பக்ரம் போதாது. அது தண்ணீர் பட்டால் தளர்ந்தும்விடும். பெல்ட்டுக்குள் வைக்கும் தடித்த கேன்வாஸ் அல்லது 2 மில்லிமீட்டர் இவிஏ ஷீட் (ரப்பர் போன்ற அடர்ந்த ஃபோம் தகடு) வையுங்கள். பக்கப் பட்டை மடங்க வேண்டிய இடம் என்பதால் அங்கே மெல்லிய ஃப்யூசிங் (ஒரு பக்கம் பசை உள்ள துணி) மட்டும். அடிக்கு 1½ அல்லது 2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட், மூலைகளைக் கத்தரித்து உருட்டியது. கூர்மூலையை அப்படியே விட்டால் லைனிங்கைக் குத்திக் கிழிக்கும். எந்தத் தாங்கியையும் தையல் கோட்டிலிருந்து ஒரு நூல் உள்ளே நிற்கும்படி வெட்ட வேண்டும். தையலுக்குள் அது மாட்டிக்கொண்டால் ஓரம் மொத்தமாகி, திருப்பினாலும் மூலை எழாது.

துணிக்கு இஸ்திரி வைத்து ஒட்டும் ஃப்யூசிங் சரி. ரெக்ஸினுக்குச் சூடு ஆகாது, செருப்புக்கு ஒட்டும் ரப்பர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெல்லத் தடவி, பிசுபிசுப்பு அடங்கும் வரை பத்து நிமிடம் காயவிட்டு ஒட்டுங்கள். ஈரமாக ஒட்டினால் குமிழ் விடும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

அம்மாவின் காஞ்சிபுரம் பட்டு மடிப்புகளில் கிழிந்துவிட்டது. முந்தானையும் கரையும் நன்றாக இருக்கின்றன. ஃபெண்டி பகெட் மாதிரி அக்குளில் இடுக்கிக்கொள்ளும் சின்னப் பை தைக்கலாமா?
– வாசகி, மதுரை

தாராளமாக. 1997இல் சில்வியா வெந்தூரினி ஃபெண்டி கொண்டுவந்த அந்தப் பையின் வடிவம் மிக எளியது. அதன் பேச்சே மேலே போடும் துணியும் வேலைப்பாடும்தான். முந்தானைக்கு ஏற்ற பை. 10½ அகலம், 6 உயரம், 2 ஆழம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் துணியைச் சோதியுங்கள். இரண்டு கைக்கும் நடுவே பிடித்து மெல்ல இழுத்தால் ‘சர்’ரென்று விரியும் இடங்களை ஒதுக்கிவிடுங்கள், எந்த ஃப்யூசிங்கும் அதைக் காப்பாற்றாது. பழைய மடிப்புக் கோடு எங்கேயும் பேட்டர்னுக்குள் வரக்கூடாது. கோர்வைப் புடவையாக இருந்தால் கரையும் உடலும் கோக்கப்பட்ட இடத்தைத் தையல் கோட்டிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளிவையுங்கள், இழுப்பு வந்தால் முதலில் விடுவது அந்த இடம். வெட்டுவதற்கு முன்பே மெல்லிய நெய்த ஃப்யூசிங்கை அடியில் வைத்து, மேலே வெள்ளைப் பருத்தித் துணி போட்டு, இஸ்திரியைப் பட்டுச் சூட்டில் அழுத்தி அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். நீராவி வேண்டாம். தையலுக்கு அரை அங்குலம் விடுங்கள், பட்டு பிசிறு விட்டுக்கொண்டே இருக்கும். ஊசி 11, அதுவும் புதியது. மழுங்கின ஊசி ஜரிகையை இழுத்துவிடும்.

அடுத்தது பலரும் பை முடிந்த பிறகே கவனிப்பது. திண்டுக்கல் வாசகிக்குச் சொன்னபடி பின்பக்கத்தையும் மூடியையும் ஒரே துண்டாக வெட்டினால், பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் மயில் மூடியில் தலைகீழாகத் தொங்கும். அன்னம், யாழி, மரம் என்று தலை கால் உள்ள எந்த வடிவத்துக்கும் மூடியைத் தனியே வெட்டி, மடிப்பு வரும் இடத்தில் ஓட்டுப்போட வேண்டும். மாங்காயும் அப்படித்தான். ருத்ராட்சம், கட்டம், கோடு என்றால் கவலையில்லை. மூடிக்குத் துண்டு எடுக்கும்போது வடிவத்தின் நடுவைப் பூட்டுக்கு நேராக வைக்காதீர்கள், பூட்டு அதைத் தின்றுவிடும். இந்தப் பைக்கு வெளியே தெரியாத மேக்னட் பட்டன்தான் பொருத்தம்.

மேலே வாசனைத் தெளிப்பான் பட்டால் ஜரிகை கறுக்கும். பையைப் பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல் பழைய வேட்டித் துணியில் சுற்றிவையுங்கள்.

பையில் இரட்டை ‘சி’ அல்லது ‘எல்.வி.’ (லூயி வுய்டன்) எழுத்தை எம்பிராய்டரி செய்து விற்கலாமா? ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று சொல்லியே விற்பதால் யாரையும் ஏமாற்றவில்லையே?
– வாசகி, கோயம்புத்தூர்

கூடாது. வாங்குகிறவருக்குத் தெரிந்திருப்பது விற்பவரைக் காப்பாற்றாது. பதிவான முத்திரையை அனுமதியில்லாமல் பொருளில் போடுவதும் அப்படிப் போட்ட பொருளை விற்பதும் 1999ஆம் ஆண்டின் வணிகமுத்திரைச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எழுத்துக்குப் பதிலாக அதைப் போலவே தோன்றும் வேறு வடிவம் போட்டாலும் வம்புதான்.

குயில்ட்டிங், சங்கிலி வார், மூடி போட்ட நீள்சதுரப் பை போன்ற பொதுவான அம்சங்களை வைத்து உங்கள் பெயரில் விற்கலாம். அச்சாக அதே வடிவத்தை எடுக்க நினைத்தால் எச்சரிக்கை: பிரெஞ்சு நிறுவனமான ஹெர்மெஸ் தன் பர்கின் பையின் வடிவத்தையே அமெரிக்காவில் முத்திரையாகப் பதிந்துவைத்திருக்கிறது. இந்தியாவில் பதிவான டிசைனுக்கு 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு பாதுகாப்பு உண்டு. மூடியின் வளைவையும் பூட்டையும் அளவையும் நீங்களே வரைந்து மாற்றுங்கள். எம்பிராய்டரி கைவசம் இருக்கும்போது இன்னொருவர் எழுத்தை ஏன் பின்ன வேண்டும்?

தோல் பட்டைகளைப் பின்னிச் செய்த இத்தாலியப் பை பார்த்தேன். தையல் கடையில் மீந்த துணியில் அதே மாதிரி வருமா?
– வாசகி, காரைக்குடி

அது போத்தேகா வெனெத்தா, 1966இல் வடகிழக்கு இத்தாலியின் விசென்சாவில் தொடங்கிய நிறுவனம். வயர் கூடை பின்னத் தெரிந்தவருக்கு இந்தப் பின்னல் பத்து நிமிடப் பாடம், ஒன்று மேல் ஒன்று கீழ். கஷ்டம் பட்டை தயாரிப்பதில்தான் இருக்கிறது.

12 x 10 அங்குல முகம் ஒன்றுக்கு, அரை அங்குலப் பட்டையாக நெடுக்கில் 24, குறுக்கில் 20 வேண்டும். ஓரத்துக்கு 2 அங்குலம் கூட்டினால் நெடுக்குப் பட்டை 12 அங்குலம், குறுக்குப் பட்டை 14. மொத்தம் 568 அங்குலம், அதாவது சுமார் 14½ மீட்டர். இரண்டு முகத்துக்கு 29. துணியை 2 அங்குலமாக வெட்டி, இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி பாதியாக மடித்துத் தைத்தால் அரை அங்குலப் பட்டை கிடைக்கும். 44 அங்குலத் துணியில் இதற்கு ஒன்றரை மீட்டர் ஆகும். துண்டுகள் பல நிறத்தில் இருந்தால் நெடுக்குக்கு அடர்நிறம், குறுக்குக்கு வெளிர்நிறம் என்று பிரித்துக்கொள்ளுங்கள், கலந்து போட்டால் பின்னலே கண்ணுக்குத் தெரியாது.

ஒட்டும் பக்கம் மேலே இருக்க ஃப்யூசிங்கைத் தெர்மோகோல் பலகையில் விரித்து, நெடுக்குப் பட்டைகளைக் குண்டூசியால் நிறுத்திப் பின்னுங்கள். முடிந்ததும் ஊசிகளை எடுத்து, முகத்தைப் பலகையோடு இஸ்திரி மேசைக்குச் சரித்து இறக்கி அழுத்துங்கள். தெர்மோகோல் மேலேயே இஸ்திரி வைத்தால் உருகும். சுற்றிலும் இரண்டு வரி தைத்த பிறகே வெட்ட வேண்டும். அசலில் பட்டைகள் சாய்வாக ஓடும். அப்படி வேண்டுமானால் பெரிதாகப் பின்னி, பேட்டர்னை 45 டிகிரி திருப்பி வைத்து வெட்டலாம், ஆனால் துணி பாதிக்கு மேல் கூடுதலாகும். சாய்வு முகம் இழுபடவும் செய்யும். முதல் பைக்கு நேர்ப்பின்னலே போதும்.

ஆசையாகத் தைத்த ரெக்ஸின் பை, பயன்படுத்தாமல் பீரோவில் வைத்திருந்தும் தோல் உரிகிறதே?
– வாசகி, சென்னை

பயன்படுத்தாததும் ஒரு காரணம். ‘பி.யு.’ (பாலியூரித்தேன்) ரெக்ஸினின் மேல்பூச்சைக் காற்றிலுள்ள ஈரமும் சூடும் சேர்ந்து மெல்ல மெல்ல உடைக்கும். கடலோர ஊர்களில் மூடிய பீரோ அதற்குத் தோதான இடம். ‘பி.வி.சி.’ ரகம் இப்படி உரியாது, ஆனால் காலப்போக்கில் விறைத்து மடிப்புகளில் வெடிக்கும், வெயிலில் பிசுபிசுக்கும். உரிந்ததை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. அடுத்த முறை துணிப் பின்புறம் நன்றாக நெய்த ரகமாகப் பாருங்கள், பிளாஸ்டிக் உறையில் கட்டாமல் காற்றாட வையுங்கள், தலையில் எண்ணெய் வைத்த கையோடு பிடி வாரைத் தொடாதீர்கள். நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் கேன்வாஸ் அல்லது அசல் தோல்தான்.

அசல் தோலில் தைக்க எங்கே, எவ்வளவு வாங்குவது? மெஷின் இல்லாமல் கையால் தைக்க முடியுமா?
– வாசகர், வேலூர்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். சென்னைக்காரர்களுக்குப் பெரியமேடு. தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். சங்கிலிப் பையின் துண்டுகள் எல்லாம் சேர்ந்து 3 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல், ஆனால் தோலுக்கு நேர் ஓரம் கிடையாது, குயில்ட்டிங்கும் சுருக்கும். 5 சதுர அடி வாங்குங்கள். குயில்ட்டிங்குக்கு 0.7 மில்லிமீட்டர் ஆட்டு நாப்பா (மென்மையான தோல்), நிமிர்ந்து நிற்கும் பைக்கு 1.2 மில்லிமீட்டர் மாட்டுத்தோல். முதுகுப் பகுதி இறுக்கமானது, முன்பக்கத்துக்கும் வாருக்கும் அதை எடுங்கள். வயிற்றுப் பகுதி நீளும் என்பதால் உள் பாக்கெட்டோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கைத்தையல் மெஷின் தையலைவிட உறுதியானது. ஹெர்மெஸ் இன்றும் மெழுகு பூசிய நூலை இரண்டு ஊசியில் கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் நுழைத்துத்தான் தைக்கிறது. மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் கொக்கி போட்டுக்கொள்கின்றன, ஒன்று அறுந்தால் வரிசையாகப் பிரியும். இரட்டை ஊசித் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது ஒவ்வொரு துளையையும் பிடித்துக்கொண்டிருக்கும். துளைகளை முன்கூட்டியே 4 மில்லிமீட்டர் இடைவெளியில் முட்கள் உள்ள உளியால் போட்டுக்கொள்ளுங்கள். தைக்க வேண்டிய நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் வேண்டும்: 22 அங்குலத் தையலுக்கு 88, ஊசியில் விடுவதையும் சேர்த்து இரண்டரை மீட்டர். எப்போதும் ஒரே பக்கத்து ஊசியை முதலில் விடுங்கள். மாற்றி மாற்றி விட்டால் தையல் சாய்வு மாறி, வரி கோணலாகத் தெரியும். தோல் மடங்கும் ஓரங்களை உள்பக்கம் அரை அங்குலத்துக்குப் பாதித் தடிமனாகச் சீவிவிட்டால் ஓரம் மெல்லியதாக அமரும்.

லைனிங்கில் ஜிப் பாக்கெட் வைத்தால் இரண்டு முனையிலும் சுருக்கம் விழுகிறது.
– வாசகி, திருநெல்வேலி

ஜிப் வாயின் முனையில் போடும் ‘ஒய்’ வடிவ வெட்டு மூலை வரை போகவில்லை. 7 அங்குல ஜிப்புக்கு லைனிங்கின் மேல் பாக்கெட் துணியை வைத்து 7¼ x ½ அங்குல நீள்சதுரம் வரைந்து, 2 மில்லிமீட்டர் தையலில் சுற்றித் தையுங்கள். நடுவில் நீளமாக வெட்டி, முனைக்கு அரை அங்குலம் முன்பே நிறுத்தி, அங்கிருந்து இரண்டு மூலைக்கும் சாய்வாக, தையலை ஓர் இழை தொடும் வரை வெட்ட வேண்டும். பிறகு பாக்கெட் துணியை உள்ளே தள்ளி இஸ்திரி போட்டு, பின்னால் ஜிப் வைத்துச் சுற்றி ஒரு தையல். லைனிங்கைப் பையாக்கும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். பாக்கெட் துணி 9 x 12, ஒரே துண்டாக மடித்து இரு பக்கமும் அடித்தால் போதும்.

சங்கிலிக்குள் ரெக்ஸின் பட்டை கோக்க எவ்வளவு நீளம் வேண்டும்? போன தடவை சங்கிலி கறுத்து, தோளில் சட்டையிலும் கறை பிடித்தது.
– வாசகி, நாகர்கோவில்

கண்ணி அளவைப் பொறுத்து மாறும். 12 அங்குலச் சங்கிலியில் மட்டும் கோத்துப் பார்த்துப் பட்டை எவ்வளவு இழுத்தது என்று அளந்து, அந்த விகிதத்தில் வெட்டுங்கள். 2 அங்குலம் கூடுதல் இருக்கட்டும். பட்டையைக் கண்ணியின் உள்வாயைவிட ஒரு நூல் குறைவான அகலத்தில், முனையைச் சாய்வாக வெட்டி டேப் சுற்றிக் கோத்தால் சிக்காது. ஓட்டுப்போட்ட பட்டையானால் ஓட்டு ஐலெட்டுக்குள் நிற்கும்படி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இழுக்கும்போதெல்லாம் அங்கே மாட்டும்.

கறுத்தது இரும்புச் சங்கிலியின் மேல்பூச்சு வியர்வையில் போனதால். வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு. ஒட்டாமல் லேசாக இருந்தால் அலுமினியம், ஒட்டாமல் கனமாக இருந்தால் பித்தளையாக இருக்கலாம். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் மெல்லிய கம்பியாக இருந்தால் கண்ணி விரியும், இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். தோளில் படும் நடுப்பகுதி 10 அங்குலத்துக்குச் சங்கிலிக்குப் பதில் ரெக்ஸின் பட்டையே வைத்து இரு முனையிலும் ரிவெட் அடித்துவிட்டால் கறையும் இல்லை, தோளும் உறுத்தாது. ஆனால் அந்தப் பட்டை ஐலெட்டுக்குள் நுழையாது, எனவே நீளத்தை மாற்றி மாட்டும் வசதி போய்விடும்.